காது மட்டும்தான் இருந்தது

ஜூலை 7, திங்கள்

டாக்டர் தேதி கொடுத்துவிட்டார். 24, வியாழன். கழுத்தில் இருப்பது கெட்ட கட்டி இல்லையாம். ஆனால் குரல் நரம்பை ஒட்டியே வளர்கிறதாம். "எடுத்துத்தான் ஆகணும். சிலருக்குக் குரல் கம்மிடும். திரும்பி வராமலும் போகலாம்." மழை வரலாம் என்பது போலச் சொல்கிறார் மனுஷர்.

மூன்றாம் வகுப்பு டீச்சருக்குக் குரல் போனால்? அங்கேயாவது கரும்பலகை இருக்கிறது. வீட்டில்? ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில் முப்பது வருஷம் லேத் ஓட்டி என் வீட்டுக்காரர் வில்லியமுக்குக் காது பாதிதான் கேட்கும். தெருவுக்கே கேட்கிற மாதிரி நான் கத்தினால்தான் இவருக்குக் கேட்கும். காதுக்கு மெஷின் வாங்கிக்கொள்ளுங்கள் என்றால், "அத்த மாட்டிக்கினு போனா கெழவன்னுவானுங்க" என்கிறார். ஐம்பத்தெட்டு வயசில் வேறு என்ன சொல்வார்களாம்?

ஜூலை 9, புதன்

எச்சில் விழுங்கும்போதெல்லாம் கட்டி ஏறி இறங்குகிறது. கண்ணாடி மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டேன்.

ஜூலை 10, வியாழன்

காலையில் வருகைப் பதிவு. முப்பத்தெட்டு பெயர்கள். இத்தனை வருஷமாக மூச்சுவிடாமல் படித்து முடிப்பேன். இன்று ஒவ்வொன்றையும் நிறுத்திக் கூப்பிட்டேன். கயல் மட்டும் வழக்கம்போல பெஞ்சுக்கு அடியிலிருந்து "உள்ளேன் டீச்சர்!" என்றாள். பென்சில் தேடுகிறாளாம். வேண்டுமென்றே இன்னொரு தடவை கூப்பிட்டேன். அவள் தலையை இடித்துக்கொண்டு எழுந்தாள், வகுப்பே சிரித்தது, நானும்தான். என்ன சுகம், ஒரு பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவது!

பதிவேட்டை மூடும்போதுதான் தோன்றியது. ஆகஸ்டில் யார் கூப்பிடுவார்?

ஜூலை 12, சனி

பெசன்ட் நகர் மாதா கோயிலுக்குப் போனேன். காணிக்கை போட, வெளியே கடையில் தகடு கேட்டேன். கை, கால், கண், தொட்டில், வீடு, எல்லாம் அச்சடித்து வைத்திருக்கிறாள் கடைக்காரி. கழுத்து இல்லை.

"கழுத்து தனியா வராதும்மா. காது கீது, எடுத்துக்கோ."

"காது எதுக்கும்மா எனக்கு?"

"கழுத்துக்குப் பக்கத்துலதான கீது? மாதாவுக்குப் புரியாதா இன்னா?"

சிரித்துவிட்டேன். தேதி கொடுத்த பிறகு வயிறு குலுங்கச் சிரித்தது அந்தக் கடை வாசலில்தான். காதை வாங்கிப் பீடத்தில் வைத்து, "தப்பா எடுத்துக்காதே தாயே, ஸ்டாக் இல்ல" என்றேன். வரும் வழியில் சுட்ட சோளம். காரம் நாக்கில் இருந்தவரை பயம் இல்லை.

ஜூலை 17, வியாழன்

எதிர் வீட்டு ஜானு மாமி வாசலில் பிடித்துக்கொண்டாள். "உங்காத்துல இன்னிக்கு வஞ்சிர மீனாமே! நீ வில்லியம் கிட்ட சொன்னது எங்க பூஜை ரூம் வரைக்கும் கேட்டுதுடி!" இரண்டு பேரும் சிரித்தோம்.

எனக்கென்று இருக்கும் ஒரே ரகசியம் முணுமுணுப்புதான். இருபத்தாறு வருஷமாக இவரை நான் திட்டுவதெல்லாம் வாய்க்குள்ளேயே. பக்கத்தில் உட்கார்ந்து "கெழட்டு மாடு" என்றாலும் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருப்பார்.

ஜூலை 23, புதன்

ஆஸ்பத்திரி. மத்தியானம். சத்தமாகப் பேசக்கூடாது என்று நர்ஸ் இரண்டு தடவை அதட்டிவிட்டாள். வில்லியம் கட்டில் ஓரத்தில் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார். மெதுவாகச் சொன்னேன்: "பயமா இருக்குங்க."

"இன்னா?"

மறுபடி சொன்னேன்.

"இன்னாம்மா? சுளை வோணுமா?"

ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன். ஐயோ, இனிமேல் இப்படித்தானா? நாளைக்கப்புறம் நான் என்ன சொன்னாலும் சாத்துக்குடிதான் வருமா?

ஜூலை 26, சனி

காற்று. வெறும் காற்று வருகிறது.

ஜூலை 31, வியாழன்

ஆறு மாசம் பொறுக்கணுமாம். குரல் வந்தால் வரலாமாம். வராட்டி? அதை டாக்டரும் சொல்லவில்லை, நானும் எழுதிக் கேட்கவில்லை.

ஒரு நோட்டில் எழுதிக் காட்டினேன்: "சாம்பாருக்கு உப்பு போதவில்லை." வில்லியம் கண்ணாடியைத் தேடி, போட்டு, ஒரு விரல் வைத்துப் படித்து முடிப்பதற்குள் தட்டு காலி. பிறகு நோட்டை ரொம்ப நேரம் மடியிலேயே வைத்திருந்தார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மாமி ரசம் கொண்டு வந்தாள். "தெருவே வெறிச்சுன்னு கெடக்குடி" என்று அழுதுவிட்டாள். ரசம் நன்றாக இருந்தது. மிளகு தூக்கல். தொண்டையில் இறங்கியது இதமாக இருந்தது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பூசை முடிந்ததும் வில்லியம் எங்கேயோ போய்விட்டு மத்தியானம்தான் வந்தார். வந்ததும் மேலே பார்த்து முறைத்தார். "இந்த ஃபேன் எப்பவும் இப்டிதான் கத்துமா?"

அப்போதுதான் கவனித்தேன். காதுக்குப் பின்னால், அவரைக்கொட்டை அளவுக்கு மெஷின். மாதாவே, தகட்டைப் பார்த்துத்தான் செய்தாயா?

டீயை ஆற்றுகிறேன் என்று பாதியைப் புதுப் போர்வையில் கொட்டினார். பழக்கதோஷத்தில் வாய்க்குள், "கெழட்டு மாடு."

"கேட்டுச்சு," என்றார், திரும்பாமலே.

சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. கிட்டே போய் உட்கார்ந்து, இருந்த காற்றில், அன்றைக்குச் சொன்னதையே சொன்னேன்.

"பயமா இருக்குங்க."

டம்ளரைக் கீழே வைத்தார்.

"எனக்குந்தான்டி."