பானையில் வளர்ந்தது

நாள் 61. காலை 6.10
கோரைத்திட்டு ஆய்வு நிலையம். பேசுவது காவலாள் காத்தமுத்து. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பேசப் பேச இந்தப் பெட்டி எழுதிக்கொள்கிறது. கரையில் இருக்கும் டாக்டரம்மா நஸ்ரினுக்கு வயர்லெஸ்ஸில் தினமும் தனியாக ஒப்பிக்கிறேன். இந்தப் பெட்டி, எனக்கு ஏதாவது ஆனால் பின்னால் வருபவருக்கு.

கடல் ஏறி இறங்கிய மண். காரம் ஒன்பது புள்ளி நான்கு. மூன்றாம் பாத்தி நெல் முழங்கால் உயரம். வேரில் பதினேழாம் எண் நுண்ணுயிர். பசை விட்டு உப்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அறுவடையோடு செத்துப்போகும்படி டாக்டரம்மா செய்திருக்கிறார். அதனால் நடவுக்கு நடவு குளிர்பெட்டியிலிருந்து புது சீசாதான் உடைக்க வேண்டும்.

நாள் 140. பகல் 1.30
குளிர்பெட்டி நின்று நான்கு நாள். சீசா எல்லாம் வீச்சம். டாக்டரம்மாவிடம் சொன்னால் சோதனையை நிறுத்திவிடுவார். நிறுத்தினால் சாம்பக்காட்டில் என் மகள் பவுனம்மாவின் நிலம் இன்னும் எத்தனை வருடம் வெளுத்துக் கிடக்குமோ. பத்தொன்பது வருடமாக அதில் ஒரு கதிர் இல்லை.

நேற்று மூன்றாம் பாத்தியின் வேர்மண்ணை வடிகஞ்சியில் கரைத்து, நாட்டுச்சர்க்கரை போட்டுப் பானையில் வைத்தேன். மோருக்கு உறை குத்துகிற மாதிரிதான். இன்று நுரைத்திருக்கிறது. விதையை அதில் ஊறப்போட்டேன். வயர்லெஸ்ஸில் டாக்டரம்மா கேட்டார்.

"புது சீசாதானே போட்டீங்க, அய்யா?"
"ஆமாம்மா."
"நீங்க சொன்னா கம்ப்யூட்டர் சொன்ன மாதிரி. ஒரு எண்ணு பிசகுனதில்ல."
சிரித்துக்கொண்டே சொன்னார். நான் பானையைத் துணி போட்டு மூடினேன்.

நாள் 355. மாலை 4.40
பழையதில் ஒரு கை எடுத்துப் புதுக் கஞ்சியில் விட்டு, பதினோராவது முறை மாற்றியாயிற்று. ஆடியில் சரக்குப் படகில் மகளுக்கும் ஒரு பானை அனுப்பினேன். டாக்டரம்மாவுக்குத் தெரியாது. இன்று படகுத்துறை வயர்லெஸ்ஸில் மகள் வந்தாள்.

"யப்பா, பயிரு தொடை ஒசரம் நிக்கிது. எதுத்த வீட்டு ராக்கம்மா வரப்ப விட்டு எந்திரிக்கவே மாட்டேங்குறா. பாத்தே கருக்கிப்புடுவா போல."

சிரித்தேன். பெட்டியில் பதிந்திருக்கும்.

நாள் 402. காலை 9.00
ஒன்பது நாளாக அடைமழை. நிலையத்துக் கிணற்றில் தண்ணீர் ஏற வேண்டியது, நான்கு படி இறங்கியிருக்கிறது. மூன்றாம் பாத்தியை வெட்டினேன். சாண் ஆழத்தில் வெண்டைக்காய் அரைத்து ஊற்றியதுபோல் ஒரு தளம். மண்வெட்டி வழுக்குகிறது. அதற்குக் கீழே மண் புழுதி. மேலே கணுக்கால் தண்ணீர், கீழே புழுதி. பசை மழைத் தண்ணீரைக் கீழே விடவில்லை.

சாம்பக்காட்டில் குடிக்க மழை ஊறும் கிணறுகள் மட்டுமே. மற்றதெல்லாம் கடல் தண்ணீர்.

நாள் 403. காலை 6.00
டாக்டரம்மாவிடம் பானை விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

"எத்தன தடவ மாத்தி ஊத்துனீங்க?"
"பதினொன்னும்மா."
"சாகாததாப் பொறுக்கிப் பொறுக்கி வளத்துருக்கீங்க, அய்யா. இப்ப அது நிறுத்தாது. பசை விட்டுக்கிட்டே இருக்கும்."
"தப்புதாம்மா."
"வெளிய யாருக்குப் போச்சு?"
"மகளுக்கு."

 "பயிர மண்ணோட சுடணும். ஆள் அனுப்பறேன்" என்றார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

நாள் 406. மாலை 5.20
வயர்லெஸ்ஸில் மகள் வந்தாள்.

"எரிச்சுட்டாங்கப்பா. பால் புடிச்ச கதிரு. என்னமோ மெஷின வச்சு மண்ணையே வறுத்துட்டாங்க. வேற யாருக்கும் குடுத்தியான்னு கேட்டாங்க. இல்லேன்னுட்டேன்."
"குடுத்தியா?"
"உறை வேணும்னு சொம்போட வாசல்ல வந்து நிக்கிறவள எப்புடிப்பா திருப்பி அனுப்புறது? மொதல்ல ராக்கம்மா. அப்பறம் வரிசையா பதினாறு வீடு."
"பவுனு, கிணத்துல தண்ணி..."
"இந்த மழையில தண்ணிக்கு என்ன பஞ்சம்? நீங்க வாயத் தொறக்காதீங்க. அவங்க பயிரையும் எரிச்சா, எங்க அப்பன் குடுத்த பானையாலதான்னு என்னைய ஊர்ல வச்சிருப்பாங்களா?"

நாள் 407. காலை 7.05
டாக்டரம்மா கேட்டார். "மக வயல் மட்டுந்தானே, அய்யா? இல்லேன்னா சுத்துப்பட்டு அத்தனையும் மூடணும். நீங்க சொல்லுங்க, நம்பறேன்."

இவ்வளவுக்கும் பிறகு நம்புகிறாராம்.

"மட்டுந்தாம்மா" என்றேன்.

காலை 7.30
கிணறு ஏழாம் படிக்குப் போய்விட்டது. பெட்டியிடம் மட்டும் சொல்கிறேன். சாம்பக்காட்டில் பதினாறு வீடு. ராக்கம்மாவின் அக்கா மணல்திடலில் இருக்கிறாள், அங்கேயும் ஒரு சொம்பு போயிருக்கும். அதற்கப்பால் எந்தெந்த வாசலுக்கு என்று எனக்குத் தெரியாது. வயர்லெஸ் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. மூன்று தரம் எடுத்தேன். மூன்று தரமும் வைத்துவிட்டேன்.

இதைக் கண்டெடுத்தவர் யாரானாலும், பயிர் பச்சையாக நிற்பதைப் பார்த்துவிட்டுப் போய்விடாதீர்கள். கிணற்றை எட்டிப் பாருங்கள்.