வெட்டிய மூச்சைத் திரும்ப ஒட்டிவிட்டேன்

என் அருமைத் தம்பி தவமணிக்கு,

நீ உறுமிப் பாடிய மெட்டல் ஆல்பம் முடிந்துவிட்டது. குரலையும் வாத்தியங்களையும் சேர்த்து எட்டுப் பாட்டையும் மிக்ஸிங் செய்து முடித்துவிட்டேன். வருகிற வெள்ளிக்கிழமை இணையத்தில் ஏற்றுகிறோம். உன்னிடம் எனக்கென்ன தன்னடக்கம்? அட்டகாசமாக வந்திருக்கிறது.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் உன் பேச்சை மீறியிருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பாட்டைக் கேட்கப் போகிறவர்களும் இதைப் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

பரவையில் நம் வீட்டில் நீ பாடிப் பதிவு செய்த பின்னறை அப்படியேதான் இருக்கிறது. கதவில் சாய்த்த இலவம்பஞ்சு மெத்தை, சன்னலை மறைத்த கம்பளிகள். மைக்கில் சத்தம் விழும் என்று சித்திரை வெயிலிலும் ஃபேனை நிறுத்திவிட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அடித்தொண்டையிலிருந்து உறுமுவாய். முதல் நாள் எதிர்வீட்டு அக்கா திருநீற்றோடு ஓடி வந்தது ஞாபகம் இருக்கிறதா? "பிள்ள மேல என்னமோ ஏறியிருக்கு, கருப்பசாமி கோயிலுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றது. நீ சமர்த்தாக நெற்றியைக் காட்டிப் பூசிக்கொண்டு வந்து, அதே வேகத்தில் அடுத்த டேக்கைப் பாடிக் கொடுத்தாய். இரண்டாவது பாட்டில் இருப்பது அந்த டேக்தான்.

கிட்டார் வாசித்தது உன் சேக்காளி ரஃபீக். டிரம்ஸும் அவன் கம்ப்யூட்டரில் அமைத்ததுதான். நான் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர் என்பதால் மிக்ஸிங்கை என் தலையில் கட்டினாய். அப்போது நீ போட்ட கண்டிப்பு ஒன்றுதான்.

"அக்கா, நான் மூச்சு இழுக்குறது ஒரு எடத்துலயும் கேக்கக் கூடாது. கேட்டா மனுசன்னு தெரிஞ்சிரும். மிருகம் கத்துற மாதிரி இருக்கணும்."

பாடி முடித்துக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனவன், கப்பலூர் கம்பெனியிலிருந்து ஷிப்ட் முடிந்து வரும் வழியில் லாரி மோதிப் போய்விட்டாய். அதன் பிறகு எனக்கு உனக்காகச் செய்ய மிச்சம் இருந்தது அந்த மிக்ஸிங் மட்டும்தான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒவ்வோர் உறுமலுக்கும் முன்னால் இருந்த மூச்சைத் தேடித் தேடி வெட்டினேன். நீ சொன்ன ஒன்றையாவது ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்ற வெறி.

போன மாதம் ஒரு சாயங்காலம் முதல் பாட்டை ஸ்பீக்கரில் போட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். நீ போனதிலிருந்து அந்த அறைப் பக்கமே வராத அம்மா வாசலில் வந்து நின்றது. முழுப் பாட்டையும் கேட்டது.

"இதுல தம்பி எங்கடி இருக்கான்?"

"பாடுறதே அவன்தாம்மா."

"இதா? இது எம்பிள்ள கொரல் இல்ல."

எனக்குத் துக்கமும் கோபமும் ஒன்றாக வந்தன. இத்தனை மாதம் யாருக்காக உட்கார்ந்திருந்தேன்? கிட்டார், டிரம்ஸ் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, நீ பாடியதை மட்டும், வெட்டுவதற்கு முன் பதிவானபடியே போட்டேன். நீ உறுமவில்லை இன்னும். மூச்சைத்தான் இழுத்தாய். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டது.

"இந்தா, இது அவன். சின்னதுல இளைப்பு வந்தா என் மடியில கெடந்து இப்படித்தான இழுப்பான். மறுபடி போடு."

மறுபடி போட்டேன். பிறகும் போட்டேன். அம்மா அழுதது, நானும் அழுதேன்.

"மொத போட்டதுல இது ஏன்டி இல்ல?"

"நான்தாம்மா வெட்டுனேன். அவன்தான் வெட்டச் சொன்னான்."

"அவன் கெடக்கான். நீ வை."

நீ உயிரோடு இருக்கும்போது எப்படிச் சொல்லுமோ, அதே தொனியில் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டது. நான் வெட்டிய மூச்சை எல்லாம் பழைய பதிவிலிருந்து எடுத்து, இருந்த இடத்திலேயே ஒட்டினேன்.

ரஃபீக் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "அவன் ஆசையா சொன்னது அக்கா, அத மாத்தக் கூடாது" என்றான். பேசாமல் கேள் என்று உட்கார வைத்துப் பழையதையும் புதியதையும் போட்டுக் காட்டினேன். கேட்டு முடித்து என் பக்கம் திரும்பினான்.

"அக்கா, இப்பத்தான் பயமா இருக்கு. மொத மிருகம் கத்துச்சு. இப்ப மனுசன் கத்துறான்."

கேட்டுக்கொண்டாயா? இதுதான் உன் பாட்டு. மிருகம் கத்தினால் கல்லெடுத்து விரட்டலாம், மனிதன் இப்படிக் கத்தினால் என்னவென்று நின்று கேட்டாக வேண்டும். ஆனால் ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. மூச்சு கேட்கக் கூடாது என்று ஏன்டா அவ்வளவு பிடிவாதம் பிடித்தாய்? மிருகத்துக்காகத்தானா? இல்லை, இளைப்புக்காரன் என்று யாருக்கும் தெரியக் கூடாதென்றா?

தெரியட்டும். இளைப்பை வைத்துக்கொண்டு எட்டுப் பாட்டு உறுமியவன் என் தம்பி என்று எல்லோருக்கும் தெரியட்டும்.

இது சத்தியம். யார் கேட்டாலும், யார் என்ன சொன்னாலும், நீ இழுத்த ஒரு மூச்சையும் இனி வெட்ட மாட்டேன். பிடிக்கவில்லை என்றால் வந்து சண்டை போடு. அம்மா உனக்குச் சாதகமாகப் பேசாது, இப்போதே சொல்லிவிட்டேன். பாட்டு ஓடும்போது அது இப்போதெல்லாம் உறுமலுக்குக் காதைப் பொத்திக்கொள்கிறது. அதற்கு முந்திய மூச்சுக்கு மட்டும் கையை எடுக்கிறது.

இந்த ஒரு சண்டையில் உன்னை ஜெயித்த,
உன் அக்கா