நன்றி சொல்ல ஆண் இல்லாத சபை

1953 பிப்ரவரி 3, செவ்வாய்

கட்டுரை நோட்டுகள் திருத்தினேன். தலைப்பு: எங்கள் ஊர்ச் சந்தை. வகுப்பு முழுவதும் ஒரே சந்தைக்குப் போய் வந்திருக்கிறது.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஏழு வாரம். பேச்சு போய்விட்டது. வலது கையும். புத்தி முழுசாக இருக்கிறது. டாக்டர் இதை ஆறுதலாகச் சொன்னார்.

பிப்ரவரி 8, ஞாயிறு

மண்டி மொகல்லாப் பகுதியில், சைக்கிள் கடைக்குப் பின்னால் எங்கள் கூடுகை அறை. சுவரில் சிலுவைகூடக் கிடையாது. ஒரு மேஜை, ஒரு முழு ரொட்டி, ஒரு கிண்ணத்தில் அம்மா உலர்திராட்சையைக் கொதிக்கவைத்து எடுத்த சாறு.

எட்டு வருடம் முன்பு அப்பா ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து புதிய ஏற்பாட்டை முதலிலிருந்து படித்தார். தேவனை எப்படித் தொழுவது என்று சொல்லும் வசனங்களையெல்லாம் எண் போட்டு எழுதினார். அதில் இல்லாதது எதுவும் வேண்டாம் என்றார். ஆர்மோனியம், அங்கி, அச்சடித்த ஜெபம், கிறிஸ்துமஸ் எல்லாம் போயிற்று. தமிழ்ச் சபையை விட்டு ஏழு குடும்பங்கள் அவரோடு வந்தன. அம்மா கேட்டாள், “பெஞ்சு போட்டு உக்காருன்னு எந்த வசனத்துல இருக்கு?” அப்பாவும் சிரித்தார். பிறகு யோசித்தார். இரண்டு மாதம் பாயில் உட்கார்ந்தோம்.

எண் 31: சபையில் பெண்கள் பேசக் கூடாது. ஆகவே ரொட்டிக்கு நன்றி சொல்லி ஜெபிப்பது ஓர் ஆண். யாராவது ஆவியால் ஏவப்படும் வரை மௌனம். நன்றி சொல்லாத ரொட்டியைப் பிட்க முடியாது.

கல்யாணம் நடத்தவும் கல்லறையில் இடம் கேட்டும் குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் பழைய சபைக்குத் திரும்பிவிட்டன. மிச்சம்: அம்மா, நான், ஆஸ்பத்திரி ஆயா தேவம்மா, அப்பா. வாய் பேசும் ஆண் ஒருவர்தான், தையற்காரர் குழந்தைசாமி மாமா.

பிப்ரவரி 24, செவ்வாய்

குழந்தைசாமி மாமா சனிக்கிழமை குன்னூருக்குப் போகிறார். மகனோடு இருக்கப் போகிறார். இனி வரமாட்டார்.

“கண்ணு தெரியலைம்மா. நேத்து ஒரு கோட்டுக்கு ரெண்டு கையும் இடது கையா வெச்சுத் தெச்சுட்டேன்.”

“இங்க யார் மாமா நன்றி சொல்றது?”

“பெங்களூர்ல நம்மள மாதிரி கூடுறவங்களுக்குக் கடுதாசி போட்டிருக்கேன். கர்த்தர் ஒரு சகோதரனை எழுப்புவார்.”

“எழுப்பலைன்னா?”

அப்பாவின் காலரைச் சரிசெய்துவிட்டுப் போனார்.

மார்ச் 1, ஞாயிறு

அப்பா ஐந்து மணிக்கே வெள்ளைச் சட்டை போட்டுத் தயார். வாரம் முழுவதும் கஞ்சியைத் தள்ளிவிடுகிறவர். அவருக்கு வேண்டியது அந்த ஒரு துண்டு ரொட்டி மட்டும்.

ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். யாரும் பேசவில்லை. யார் பேசுவது? அப்பா வாயைத் திறந்தார். ஓசை வந்தது, சொல் வரவில்லை. மறுபடி. மறுபடி. அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரொட்டியை முழுசாக வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அம்மா காப்பியோடு வைத்தாள். அப்பா தொடவில்லை.

மார்ச் 4, புதன்

ஆவியோடும் உண்மையோடும் தொழ வேண்டும். அப்பாவின் நோட்டில் எண் 1. இயேசு இதை யாரிடம் சொன்னார் என்று அப்பா எழுதவில்லை. கிணற்றடியில், ஒரு பெண்ணிடம்.

மார்ச் 8, ஞாயிறு

மறுபடியும் முழு ரொட்டி. பெங்களூரிலிருந்து பதில் இல்லை.

வாசலில் தேவம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கொள்ளேகால்காரி, மெதுவாகப் பேசத் தெரியாது.

“ஏங்கண்ணு, எம்.ஏ. வரைக்கும் படிச்சவ நீ. ரெண்டு வார்த்தை நன்றி சொன்னா வாயி வெந்து போகுமா?”

“நீங்க சொல்லுங்களேன்.”

“நாஞ் சொன்னா பாதி கன்னடத்துல வரும். ஆண்டவரு கேட்டுக்குவாரு. உங்கப்பாரு கேக்கமாட்டாரு.”

எனக்கு விசுவாசம் இருக்கிறதா? கல்லூரி நாட்களில் அதை எங்கோ வைத்துவிட்டேன். தேடவில்லை. தேடாததும் ஒரு பதில்தானே.

மார்ச் 15, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

நாற்பது நிமிட மௌனத்துக்குப் பிறகு. எழுந்து நிற்கவில்லை. எட்டு வருடம் கேட்ட அப்பாவின் சொற்கள்தான், மூன்று வாக்கியம். குரல் மட்டும் என்னுடையது. அந்த அறையில் அது மிகப் பெரிதாக இருந்தது. தேவம்மா “ஆமென்” என்றாள்.

ரொட்டியைப் பிட்டேன். தட்டை அப்பாவிடம் நீட்டினேன். அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் தேவலை. உதடுகளை இறுக மூடிக்கொண்டு இடது கையால் தட்டை அம்மா பக்கம் தள்ளினார். அம்மா எடுக்கவில்லை.

தேவம்மா சாப்பிட்டாள். நானும். ரொட்டி, ரொட்டி மாதிரியே இருந்தது.

மார்ச் 16, திங்கள்

அம்மா: “நீ சொன்னது நல்லாத்தான் இருந்துச்சு, விக்டோரியா. அவர் சொல்ற மாதிரியே இருந்துச்சு.”

“அப்புறம் ஏம்மா நீங்க எடுக்கலை?”

“கூடப்பிறந்த தம்பி கல்யாணத்துக்கே போகலை அந்த மனுஷன், ஆர்மோனியம் வாசிப்பாங்கன்னு. இப்ப வாய் போச்சுன்னு சட்டத்தை மாத்திக்கிட்டா, அந்தத் தம்பி முகத்துல எப்படி முழிப்பார்?”

நோட்டை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனேன். கிணற்றடிப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன், சொல்லிக்கொண்டே போனேன், வகுப்பில் போல. அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். பக்கம் புரட்டி 31-இல் விரலை வைத்தார். ஐயோ, நான் ஏன் அவரிடம் வாதாடினேன்? பதில் பேச முடியாத மனுஷன்கிட்ட போய்!

மார்ச் 20, வெள்ளி

பெங்களூர்க் கடிதம். அனுப்ப ஆள் இல்லை. ஜெபிக்கிறார்களாம்.

மார்ச் 22, ஞாயிறு

அப்பா வரமாட்டார் என்று நினைத்தேன். ஐந்து மணிக்கே வெள்ளைச் சட்டை.

எங்கள் அறையில் கதவோரம் ஒரு பலகை உண்டு. ஞானஸ்நானம் பெறாதவர்களும் பார்க்க வந்தவர்களும் அதில் உட்கார வேண்டும். ரொட்டியில் அவர்களுக்குப் பங்கில்லை. அதுவும் அப்பாவின் ஏற்பாடுதான். அப்பா என் தோளை விட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு போய் அதில் உட்கார்ந்தார்.

நான் அவரை நிறுத்தவில்லை. நன்றி சொன்னேன். அவரும் தடுக்கவில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

காலையில் தமிழ்ச் சபையின் மணி நெடுநேரம் அடித்தது. ஈஸ்டர். எங்களுக்கு அது கிடையாது.

அம்மாவும் போன வாரத்திலிருந்து கதவோரப் பலகையில்தான். அப்பா சாய்ந்தால் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்றாள்.

ஜெபித்து முடித்து நான் ரொட்டியை எடுத்ததும் தேவம்மா குனிந்து, முதல் தடவையாக மெதுவான குரலில் சொன்னாள்:

“அடுத்த வாரம் சின்ன ரொட்டியா வாங்கு, கண்ணு.”