உடைந்த துண்டைப் பாலில் போட்டிருக்கலாம்

இல்லை அப்பா, வலி இல்லை. நாக்குதான் நிமிடத்துக்கு ஒருமுறை அங்கே போய்விடுகிறது. மேல்வரிசை முன்பல், வலப்பக்கம். ஓரத்தில் ஒரு சிறு முக்கோணம் உடைந்துவிட்டது. உங்களுக்கும் அதே பல்.

நெல்லைக் கடித்துப் பார்த்தேன். நீங்கள் போனபின் முதல் சம்பா. தார்ச்சாலை ஓரத்தில் காயப்போட்டிருந்தோம். காய்ந்த நெல் பல்லுக்கிடையில் டக்கென்று முறியும், ஈர நெல் நசுங்கும். ஒரு சிட்டிகை அள்ளி வாயில் போட்டேன். கேட்டது வேறு சத்தம். நெல்லோடு சாலையின் ஜல்லித் துணுக்கும் வந்திருந்தது.

பாபநாசத்துப் பல் டாக்டர், என் வயதுப் பெண், முதலில் கேட்டது: “உடைஞ்ச துண்டு எங்கங்க?”

“நெல்லோட துப்பிட்டேன்.”

“பால்ல போட்டு எடுத்துட்டு வந்திருந்தா அதையே ஒட்டப் பார்த்திருக்கலாம். பரவால்ல, பல் கலர்லயே வச்சுக் கட்டிடலாம். நாளைக்கு வாங்க. அதுவரைக்கும் அந்தப் பக்கம் கடிக்காதீங்க.”

நான் தலைகுனிந்துகொண்டேன். வலி என்று நினைத்திருப்பார்.

நீங்கள் உங்கள் பல் துண்டைக் கையில் வைத்திருந்தீர்கள்.

கொள்முதல் நிலையத்தில் எழுத்தர் கேலி செய்வாராம். நீங்களே சொல்லிச் சிரிப்பீர்கள். “ஈரம் பார்க்க மெஷின் வச்சிருக்கோம், நீங்க ஏன் பல்லைக் குடுக்கிறீங்க?” அதற்கு நீங்கள்: “மெஷின் ஒங்களுது. பல்லு என்னுது.” அப்படித்தான் ஒருநாள் உடைந்தது. அன்றே எனக்கு ஃபோன் செய்தீர்கள். நான் எம்.ஏ. இரண்டாம் ஆண்டு. விடுதி வாசலில் தோழிகளோடு நின்றிருந்தேன்.

“பல்லு ஓரம் பேந்துருச்சு பாப்பா. துண்டு கையில இருக்கு. இதை என்ன பண்றது?”

“தூக்கிப் போடுங்கப்பா. யாரு பாக்கப் போறா.”

பெரிய படிப்பு படிக்கிறவள், கேட்டால் தெரியும் என்று நினைத்தீர்கள். தெரியாததில் எனக்கு வெட்கமில்லை. கையிலிருந்த ஃபோனில் தேடிப் பார்க்க ஒரு நிமிடம்தான் ஆகியிருக்கும், தேடவில்லை.

யாரு பாக்கப் போறா என்று சொன்ன நானே பார்த்தேன். பட்டமளிப்பு விழா, தஞ்சாவூர். அங்கி போட்டுக்கொண்டு நான், பக்கத்தில் நீங்கள். தோழி ஃபோனைத் தூக்கிப் பிடித்தாள். நீங்கள் சிரித்தீர்கள். உங்கள் காதருகே சொன்னேன்: “வாயை மூடிக்குங்கப்பா.”

மூடிக்கொண்டீர்கள்.

அதற்குப் பிறகு கையால் வாயை மறைத்துக்கொண்டுதான் சிரித்தீர்கள். வீட்டிலும். நான் இல்லாதபோதும். அம்மா கேட்டதற்கு, காற்றுப் பட்டால் பல் வலிக்கிறது என்றீர்களாம். அம்மா காலைதோறும் உப்பு போட்டு வெந்நீர் கொடுத்தாள். இல்லாத வலிக்கு நீங்கள் கடைசி வரை கொப்பளித்தீர்கள். ஒரு விடுமுறையில் கொல்லை வாசலில் நின்று அதைப் பார்த்தேன். நீங்களும் என்னைப் பார்த்தீர்கள். சொம்பைக் கவிழ்த்துவிட்டு, “எப்ப எழுந்திரிச்சே?” என்று மட்டும் கேட்டீர்கள்.

டாக்டரிடமிருந்து திரும்பிய அன்று அம்மாவிடம் சொன்னேன். சொல்லாமல் போய் அந்த டாக்டர் நாற்காலியில் உட்கார முடியாது என்று தோன்றியது.

“அப்பாவுக்கு வலியெல்லாம் இல்லம்மா. நான்தான் வாயை மூடச் சொன்னேன்.”

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். “எப்ப?”

“பட்டம் வாங்கினன்னிக்கு.”

“அப்ப நான் போட்ட வெந்நியெல்லாம்?”

அம்மா முறத்தை மறுபடி எடுத்தாள். “ஒரு நாளாவது போதும்னு சொன்னாரா மனுசன்,” என்றாள். கோபம் யார் மேல் என்று புரியவில்லை. அன்று என்னைச் சாப்பிடக் கூப்பிடவில்லை.

மறுநாள் பல்லைச் சரிசெய்துகொண்டேன். டாக்டர் நன்றாகவே செய்திருக்கிறார். எது என் பல், எது வைத்துக் கட்டியது என்று கண்ணாடியில் எனக்கே தெரியவில்லை. அரைமணி நேர வேலை, அப்பா. அதுதான் தாங்க முடியவில்லை.

அந்த வாரமே கொள்முதல் நிலையத்துக்கு நெல் ஏற்றிப் போனேன். எடை போடுகிறவர் என்னை அடையாளம் கண்டு, “ஒங்கப்பா வாயப் பொத்திக்கிட்டேதான் சிரிப்பாரு. ரொம்பக் கூச்ச சுபாவம்,” என்றார்.

இல்லைங்க என்றேன். நீங்கள் ஏன் வாயைப் பொத்தினீர்கள் என்று அவரிடமும் சொன்னேன்.