ஆல்பம் வந்துவிட்டது, அண்ணா

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம். நீயும் அண்ணியும் நலம் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். போனில் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் நான் எதையாவது சிரித்துப் பேசி மழுப்பிவிடுவேன். என்னைப் பற்றி உனக்குத் தெரியாதா.

கூடவே வரும் பொட்டலத்தைப் பார்த்திருப்பாய். ஆமாம், நாம் உயிரை விடும் இசைக்குழுவின் புது ஆல்பம் வந்தேவிட்டது. பதினோரு வருடம். வெள்ளிக்கிழமை கடை திறக்கும் முன்பே நம் ரசிகர் குழு மொத்தமும் வாசலில் நின்றது. குழுத் தலைவருக்கு மூட்டுவலி, மடக்கு நாற்காலியோடு வந்திருந்தார். "கண்ணை மூடறதுக்குள்ள கேட்டுடுவேனான்னு இருந்துச்சு" என்று எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மூக்கை உறிஞ்சினார். வாசிப்பவர்களுக்கும் வயதாகிவிட்டது. அட்டைப்படத்தில் நாலு பேரும் பென்ஷன் வரிசையில் நிற்பவர்கள் மாதிரி நிற்கிறார்கள். எல்லோரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நான் மட்டும் ஓரமாக ஒதுங்கி நின்றேன். ஏன் என்று உனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

அந்த மாலையைப் பற்றி நான் முழுதாக யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடம் உட்பட. அப்பாவுக்கு லேசாகப் பக்கவாதம் வந்து தேறிக்கொண்டிருந்த நேரம். தனியாக விடக் கூடாது என்று அம்மா முறை போட்டிருந்தாள். அன்று அவளுக்கு வார்டில் மாலை ஷிப்ட், நீ எங்கேயோ லிப்ட் பழுது பார்க்கப் போயிருந்தாய். என் முறை. அதே மாலைதான் புது ஆல்பத்தை அறிவிக்கப்போகிறார்கள், ஒரு பாட்டும் போட்டுக் காட்டுவார்கள் என்று அரங்கில் திரை கட்டி ரசிகர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். தண்ணீர் டம்ளரை அப்பாவுக்குக் கை எட்டும் இடத்தில் வைத்துவிட்டு, "ஒரு மணி நேரத்துல வந்துடறேம்பா" என்றேன். போ என்று கையாட்டினார். மூன்று மணி நேரம் கழித்து வந்தேன். குளியலறை வாசலில் கிடந்தார்.

ஆஸ்பத்திரியில் அம்மா கேட்டபோது, அண்ணன் சீக்கிரம் வந்து பார்த்துக்கொள்வதாகச் சொன்னான், அதை நம்பித்தான் போனேன் என்று வாய் கூசாமல் சொன்னேன். நீ கிரீஸ் கறை படிந்த சட்டையோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தாய். என்னை ஒரு தடவை பார்த்தாய். "மறந்துட்டேம்மா" என்றாய். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அதை ஒரு சாக்காக இனிமேல் சொல்ல மாட்டேன்.

அப்பா அதன் பிறகு நான்கு வருடம் படுக்கையில் இருந்தார், பேச்சு திரும்பவே இல்லை. நம்மைத் தவிர உண்மை தெரிந்தவர் அவர் ஒருவர்தான். சாப்பாடு ஊட்டும்போது என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். கேட்டதற்கு ஆமாம், இல்லை என்று தலையாட்ட அவரால் முடியும். என்மேல் கோபமாப்பா என்று நான்தான் கேட்கவே இல்லை.

அம்மா முகம் கொடுத்துப் பேசாததால் நீ வெளிநாடு கிளம்பிய அன்று, அம்மாவிடம் சொல்லிவிடுகிறேன் என்று அழுதேன். "ஆல்பம் வர்ற அன்னிக்குச் சொல்லு, போதும்" என்று என் தலையில் தட்டினாய். நான் சத்தியமே செய்தேன். ஆறு மாதத்தில் வந்துவிடும் என்றுதான் அப்போது பேச்சு. பிறகு பாடகருக்குத் தொண்டையில் அறுவை. டிரம்ஸ்காரர் கோபித்துக்கொண்டு போனார், வந்தார், மறுபடி போனார். ஒலிப்பதிவுக் கூடத்தில் தண்ணீர் புகுந்தது. ஒவ்வொரு தடவையும் ரசிகர் குழுவில் எல்லோரும் தலையில் அடித்துக்கொள்வார்கள். நானும் ஒரு அழுமூஞ்சிப் படத்தைப் போட்டுவிட்டு நிம்மதியாகச் சாப்பிடுவேன். இந்த ஆல்பம் வரவே கூடாது என்று வேண்டிக்கொண்ட ஒரே ரசிகை நானாகத்தான் இருப்பேன்.

ஒவ்வொரு ஒத்திவைப்புக்கும் "பொழச்சே போ" என்று ஒரு வரி அனுப்புவாய். அப்பா போனபோது வந்தாய். அம்மா உன்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கொண்டுவந்த பையைத் திறக்காமலே திரும்பிப் போனாய். அதற்குப் பிறகு அந்த ஒரு வரியும் நின்றுவிட்டது. அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும், அண்ணா. ஆல்பம் இன்னும் வரவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை கடையிலிருந்து நேரே வீட்டுக்கு வந்தேன். அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்று விடாமல் சொன்னேன், அந்தத் தண்ணீர் டம்ளர் வரைக்கும். அவள் கத்தவில்லை. நர்ஸ் அல்லவா, "எத்தனை மணிக்குக் கெளம்பின, எத்தனை மணிக்கு வந்த" என்று மட்டும் கேட்டாள். பிறகு மிச்சமிருந்த பீன்ஸையும் நறுக்கி முடித்தாள்.

மூன்று நாளாக என்னோடு பேச்சில்லை. என் சாப்பாட்டைத் தட்டில் போட்டு மூடி வைக்கிறாள், அவ்வளவுதான். எனக்கு வேண்டியதுதான். நீ பதினோரு வருடம் தாங்கியதை என்னால் மூன்று நாள் தாங்க முடியவில்லை.

இன்று காலை நான் கண்ணாடிக் கடை வேலைக்குக் கிளம்பும்போது, முதுகைக் காட்டிக்கொண்டே, "அங்க இப்ப மணி என்ன இருக்கும்" என்றாள். சொன்னேன். நீயே கூப்பிட்டுப் பேசேன் என்று கெஞ்சினேன். "எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பேசுவேன்" என்றாள். 

ஆல்பத்தின் மேலுறையைக்கூட நான் பிரிக்கவில்லை. நீ முதலில் கேள். மூன்றாவது பாட்டு எப்படி என்று குழுவில் கேட்டார்கள், பிரமாதம் என்று போட்டுவிட்டேன். இதுதான் என் கடைசிப் பொய்யாக இருக்கட்டும். மன்னித்துவிடு என்று உன்னிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. எனக்காக எதையும் கேட்கவும் இல்லை.

வீட்டு எண் மாறவில்லை, அண்ணா. ஒரே ஒரு தடவை கூப்பிடு. எத்தனை தடவை மணி அடித்தாலும் நான் எடுக்க மாட்டேன், அவள்தான் எடுப்பாள். போனுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள். அங்கேதான் காற்று வருகிறது என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னாளாம். இந்தக் கடிதம் உன் கைக்கு வர பத்து நாள் ஆகும் என்கிறார்கள். அதுவரை அவள் அங்கிருந்து எழுந்திருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

அண்ணிக்கு என் அன்பு.

உன் தங்கை