இடக்கைச் சோறு

என் அன்பு மச்சாள் தங்கத்துக்கு,

உன் எட்டாம் நாள் சடங்கும் முடிந்துவிட்டது. நெருப்புக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனதற்கு அழவேண்டிய அளவு அழுதுவிட்டேன். உன்மேல் உள்ள பொறாமைதான் இன்னும் போகவில்லை.

நம் இரண்டு வீட்டுக்கும் முதல் பட்டதாரி நான். கொக்குவிலில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். நீ மிஷன் ஆஸ்பத்திரியில், விழுந்துபோன கை கால்களை அசைக்கப் பழக்கினாய். "ஊராரின்ரை காலைப் பிடிச்சுச் சீவிக்கிறாள்" என்று சனம் சிரித்தது. கடைசியில் சர்வகலாசாலை படிப்பிக்கக் கூப்பிட்டது உன்னைத்தான். டாக்குத்தருக்குப் படிப்பவர்கள் உன்னைக் கண்டதும் எழுந்து நின்றார்களாம். நாலு பேர் முன்னால் வாய் வராத என்னை யார் கூப்பிடுவார்?

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். அம்மாவை எப்படிப் பொறுப்பது?

பாரிசவாதத்தில் வலக்கை விழுந்த பிறகு, "பீச்சைக்கையாலை தின்னுறதைவிடப் பட்டினி கிடக்கலாம்" என்றார். நான் ஊட்டினேன். பாதியில் வாயை மூடிக்கொள்வார். நீ ஒருநாள் வந்து குசினித் தரையில் அவர் பக்கத்தில் சம்மணமிட்டு, உன் வலக்கையைச் சேலைத் தலைப்பால் கட்டிக்கொண்டு, இடக்கையால் சோறு குழைத்தாய். கத்தரிக்காய்க் குழம்பு உன் வாயோரம் நாடியில் வழிந்தது.

"சிரியாதேங்கோ மாமி. ஏலுமெண்டால் நீங்கள் வடிவாத் திண்டு காட்டுங்கோ பாப்பம்."

அம்மா தின்றார். பெற்ற மகள் நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

புறப்படும்போது படலையடியில் என்னிடம் சொன்னாய்: "நீ ஊட்டுறது பாசந்தான் மச்சாள். ஆனால் அந்த இடக்கைக்கு நீ வேலை குடுக்கேல்லையே."

துக்கம் விசாரிக்க வந்த உன் மாணவன் சொன்னான், சர்வகலாசாலையில் உன் முதல் பாடமே அதுவாம். எல்லோரும் வலக்கையைக் கட்டிக்கொண்டு ஒருநேரச் சோறு தின்னவேண்டுமாம். அந்தப் பாடம் எங்கள் குசினியில் பிறந்தது என்று அவனுக்குச் சொல்லியிருந்தாயா?

நீ போனதிலிருந்து அம்மா இடக்கையை மடியில் போட்டுக்கொண்டு இருக்கிறார். நான் ஊட்டுகிற கஞ்சியும் இரண்டு வாயோடு சரி. நேற்று மத்தியானம், யாரும் பார்க்கக்கூடாது என்று கதவைச் சாத்திவிட்டு, அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து நானும் வலக்கையைக் கட்டினேன். முதல் கவளம் மடியில் விழுந்தது. அடுத்தது மூக்கில் ஏறியது.

அம்மா கனநேரம் பார்த்தார்.

"அவள் உன்னைவிட வடிவாத் தின்னுவாள்."

"ஓமம்மா. தெரியும்."

"சோத்தைக் கொட்டாதை. இஞ்சை தா," என்று சோற்றுக் கோப்பையை இடக்கையால் தன் பக்கம் இழுத்தார். "இப்பிடிப் பிசை."

மச்சாள், அம்மா தின்று முடிக்கும்வரை இனி ஒருநாளும் என் கையை அவிழ்க்கமாட்டேன். உன்னைவிட வடிவாகத் தின்னவும் பழகுவேன். அதை அம்மாவின் வாயாலேயே சொல்லவைப்பேன், இருந்து பார்.

உன்னில் எரிச்சல் தீராத,
உன் மாமி மகள்
செல்லம்