தட்டில் திரும்பிய எலி

சிபாட்டா
18 மார்ச் 1985

போரில் எங்களிடம் தோற்றுப்போன பெம்பாக்காரி மெலானியாவுக்கு,

ந்கோனி வீரன் லாமெக் ஜெரே எழுதிக்கொள்வது. நான் நலம். உன் நலத்தைக் கேட்கமாட்டேன். குரங்குக்கறி தின்றே வளர்ந்த உடம்புக்கு என்ன வந்துவிடப் போகிறது?

ஓய்வு பெற்று ஊர் வந்து சேர்ந்தேன். சுரங்கத்தில் கூண்டை ஏற்றி இறக்கிய கைக்கு இப்போது மண்வெட்டிதான். நிலக்கடலை போட்டிருக்கிறேன், கூரை மாற்றினேன், இரண்டு மாடு வாங்கினேன். எல்லாம் இருக்கிறது, நம் கால்பந்து அணி டிரில்லர்ஸ் மட்டும் இல்லை. வானொலிக்காரர்கள் வாரத்துக்கு ஒரே ஓர் ஆட்டத்தைத்தான் சொல்கிறார்கள். மற்றதெல்லாம் வெறும் எண்கள். லுவான்ஷ்யா டிரில்லர்ஸ் பூஜ்யம், எதிரணி இரண்டு என்றார் நேற்று ஒருவர். எவன் கோட்டை விட்டான், எந்தப் பக்கத்திலிருந்து பந்து வந்தது என்று ஒன்றுமே தெரியாமல் ஒரு மனிதன் எப்படிக் கண்ணை மூடுவான்?

ஆகவே நம் இரண்டு இனத்துக்கும் பாட்டன் காலத்திலிருந்து உள்ள கேலிமுறைப்படி, தோற்ற இனம் கட்டவேண்டிய கப்பமாக ஒன்று கேட்கிறேன். மைதானத்தின் கிழக்குப் படிக்கட்டில் என் பக்கத்தில் நின்று என் காதிலேயே கத்தியவள் நீ. பார்த்ததை எழுதி அனுப்பு. இங்கே என்னோடு ஆட்டம் கேட்பதற்கு ஒரு சிங்கம் தினமும் வந்து வாசலில் உட்காருகிறது. சத்தியமாகக் கேலி இல்லை.

உன்னை ஆளப் பிறந்தவன்,
லாமெக் ஜெரே


லுவான்ஷ்யா
15 ஏப்ரல் 1985

எலிக்கறி மன்னன் ஜெரேவுக்கு,

ஆளப் பிறந்தவன் மண்வெட்டி பிடிக்கிறானாமே. உன் கடிதத்தைச் சந்தையில் உரக்கப் படித்தேன். கருவாட்டுக் கடைப் பெண்கள் சிரித்த சிரிப்பில் அன்றைக்குப் பாதி வியாபாரம் போனது. உன் மனைவி உயிரோடு இருந்திருந்தால் உன் பேனாவைப் பிடுங்கி எறிந்திருப்பாள். என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார், உன்னைத் தட்டிக் கேட்க ஆளில்லை என்ற தைரியம் உனக்கு.

கேட்டாயே, கேட்டுக்கொள். மூன்று ஆட்டத்தில் மூன்றும் தோல்வி. கோல்காப்பாளனைத் திட்டுகிறார்கள், பயிற்சியாளரைத் திட்டுகிறார்கள். நான் திட்டவில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறேன். இடது ஓரத்தில் ஆடும் நம் பையன் எவாரிஸ்டோ சோம்பா இருக்கிறானே, போன வருடம் எதிரிகளை இடுப்பு சுளுக்க வைத்தவன், அவனுக்கு ஏதோ ஆகியிருக்கிறது. முதல் பாதியில் பந்து ஓரத்துக்கு வந்தாலே நெருப்பைக் கண்டவன்போல் நடுவுக்கு ஓடிவிடுகிறான். இரண்டாம் பாதியில் பழைய சோம்பாவாகப் பறக்கிறான். அதற்குள் நமக்கு இரண்டு கோல் விழுந்திருக்கும். ஒரே ஆள், ஒரே கால். இடைவேளையில் என்னதான் தின்கிறான்?

ரசிகர் மன்றத்துப் பெரியவர்கள் கிழக்கு ஓரத்தில் யாரோ செய்வினை புதைத்துவிட்டதாக முடிவுகட்டி, கோடு நெடுகத் தோண்டினார்கள். ஒரு கரண்டி கிடைத்தது. அதையும் பயபக்தியோடு எரித்தார்கள். அடுத்த வாரமும் தோற்றோம். எனக்கு ஒன்று விளங்காவிட்டால் சோளக்களி தொண்டையில் இறங்காது என்று உனக்குத் தெரியும்.

உன்னை வென்ற இனத்தைச் சேர்ந்த,
மெலானியா கலாபா


சிபாட்டா
9 மே 1985

கரண்டிக்குப் பயந்த இனத்தின் மகள் மெலானியாவுக்கு,

உன் கடிதத்தை மாடுகளுக்குப் படித்துக் காட்டினேன். அவையும் பெம்பாக்களை எண்ணி வெட்கப்பட்டன.

இப்போது நான் சொல்வதைக் கவனி. போன ஞாயிறு கிட்வேயில் நடந்த நம் ஆட்டத்தை வானொலியில் முழுக்கச் சொன்னார்கள். சோம்பா முதல் பாதியிலேயே ஓரத்தில் பாய்ந்து போய் ஒரு கோல் போட்டான், இரண்டாம் பாதியில் இன்னொன்று. வெளியூரில் இரண்டு பாதியும் ஆடுகிறான். ஆகவே கோளாறு அவன் காலில் இல்லை, நம் மைதானத்தில் இருக்கிறது. முதல் பாதியில் அவன் ஆடும் ஓரம் கிழக்கு ஓரம், நாம் நிற்கும் பக்கம். இரண்டாம் பாதியில் பக்கம் மாறி மேற்கே போய்விடுகிறான். அவனைப் பார்க்காதே மெலானியா, திரும்பி நின்று படிக்கட்டைப் பார். அங்கே அவன் பயப்படும் முகம் ஒன்று இருக்கிறது. உன் முகமாகவும் இருக்கலாம்.

இங்கே சாயங்காலங்கள் நீளமாக இருக்கின்றன. உன் கடிதம் வந்தால் குறைகின்றன. இதைச் சந்தையில் படிக்காதே.

லாமெக் ஜெரே


லுவான்ஷ்யா
3 ஜூன் 1985

எலி மூளைக்காரன் ஜெரேவுக்கு,

சந்தையில் படித்தேன். எல்லோரும் உனக்காகக் கண்ணைத் துடைத்துக்கொள்வதுபோல் நடித்தார்கள்.

ஆனால் உன் மூளைக்கு என் வணக்கம். கண்டுபிடித்துவிட்டேன். சனிக்கிழமை ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன், சுற்றி இருந்தவர்கள் எனக்குப் பைத்தியம் என்று நினைத்தார்கள். பந்து நம் ஓரத்துக்கு வந்தபோதெல்லாம் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தேன், சோம்பா ஓர் இடத்தை மட்டும் பார்க்காமல் தலையைத் திருப்பினான். அங்கே எண்ணெய்ப் பலகாரச் சட்டியோடு உட்கார்ந்திருந்தது யார் தெரியுமா? பா மும்பா. ஊரே மரியாதையாகப் 'பா' சேர்த்துக் கூப்பிடும் அந்த அம்மாவின் மகளைத்தான் சோம்பா டிசம்பரில் கட்டினான்.

அவ்வளவுதான் விஷயம். நம் வழக்கப்படி, மாமியார் கூப்பிட்டு விருந்து வைத்து உள்ளே சேர்க்கும்வரை மருமகன் அவர் கண்ணில் படக்கூடாது, எதிரே வந்தால் புதருக்குள் ஒதுங்க வேண்டும். ஒழுங்காக வளர்த்த பிள்ளை. மைதானத்தில் புதர் இல்லாததால் நடுவுக்கு ஒதுங்குகிறான். நாம் இரண்டாம் பிரிவுக்கு ஒதுங்கப் போகிறோம்.

நேரே பா மும்பாவிடம் போனேன். மேற்குப் பக்கம் மாறி உட்காரச் சொல்லலாமா என்று யோசித்தேன், அப்புறம் இரண்டாம் பாதியும் போய்விடும் என்று தோன்றியது. வீட்டில் இருக்க முடியுமா என்று பணிவாகக் கேட்டேன். அவர் பலகாரத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னார்: "அவன் எனக்கு மருமவனா வந்தது போன டிசம்பர்ல. நான் டிரில்லர்ஸுக்கு வந்தது அவன் பொறக்கறதுக்கு முன்னாடி. யாரு வூட்ல இருக்கணும்னு நீயே சொல்லு."

இரண்டு பலகாரம் வாங்கிக்கொண்டு திரும்பினேன். நியாயம்தானே.

மெலானியா கலாபா


சிபாட்டா
1 ஜூலை 1985

பா மெலானியா அவர்களுக்கு,

நலம், நலமறிய அவா. பா மும்பா சொன்னதை எண்ணி இரண்டு நாள் சிரித்தேன். ஆனால் வழி ஒன்றுதான். விருந்தை இப்போதே வைக்கச் சொல்லுங்கள். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை, வழக்கமில்லை என்பார்கள். கோழி ரசிகர் மன்றம் தரட்டும், நிலக்கடலை நான் தருகிறேன். இந்த வாரப் பேருந்தில் ஒரு மூட்டை வருகிறது. மூட்டையின் அடியில் குச்சியில் கோத்த எலிக் கருவாடு கொஞ்சம் வைத்திருக்கிறேன். அது பழக்கதோஷம், மன்னிக்கவும்.

அடுத்து எழுதுவதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்தேன். நானும் தனியாள், நீங்களும் தனியாள். எத்தனையோ வருடம் பக்கத்தில் நின்று ஆட்டம் பார்த்தோம், ஆட்டம் முடிந்ததும் நீங்கள் உங்கள் பக்கம், நான் என் பக்கம். ஊருக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, நான் தேடுவது டிரில்லர்ஸை மட்டுமில்லை. முறைப்படி உங்கள் அண்ணன் வீட்டுக்குத் தூது அனுப்புகிறேன். சுரங்கத்தில் நேரக் கணக்கராக இருந்த நம் ந்சிமா வருவார். இதைத் தயவுசெய்து கேலியில் சேர்க்காதீர்கள்.

மரியாதையுடன்,
லாமெக் ஜெரே


லுவான்ஷ்யா
20 ஆகஸ்ட் 1985

மாப்பிள்ளை வேஷம் கட்டிய எலி மன்னனுக்கு,

ஐயோ ஜெரே, 'நீங்கள்' என்றும் 'அவர்கள்' என்றும் எழுதியிருந்தாயே, சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகிவிட்டது. 'கேலியில் சேர்க்காதீர்கள்' என்ற இடத்தில் சந்தையே எழுந்து நின்று கைதட்டியது. வாசலில் சிங்கம் வந்து உட்காருகிறது என்றபோதும் இதையேதான் சொன்னாய்.

முதலில் நல்ல செய்தி. விருந்து நடந்தது. பா மும்பா முதலில் முறைத்தார், பிறகு ஊரில் உள்ள சட்டி முழுவதையும் அடுப்பில் ஏற்றினார். சோம்பாவைப் போர்வை போர்த்திக் கூட்டிவந்து, ஒவ்வொரு சட்டியாகத் திறந்து பாட்டுப் பாடி ஊட்டினார்கள். உன் கடலையில் செய்த கீரைக் கூட்டை அவன் வழித்துத் தின்றான். அந்த ஞாயிறு முதல் பாதியில் கிழக்கு ஓரத்தில் மாமியார் மூக்குக்கு முன்னால் பந்தை உருட்டிக்கொண்டு போய்க் கோல் போட்டான். பா மும்பா கரண்டியைத் தூக்கி ஆடினார். அதன்பின் நாம் தோற்கவே இல்லை. இன்னும் கடைசிக்கு ஒரே ஒரு படி மேலேதான் இருக்கிறோம், ஆனால் மூச்சு வந்துவிட்டது.

அந்த வெற்றிக்கு ஆடிக்கொண்டு அண்ணன் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது உன் ந்சிமா வந்தார். அந்த வெயிலில் கோட்டு. முழங்காலிட்டு, மூடிய தட்டை வைத்தார். திறந்தால் பெண் கேட்பவர்கள் வைக்கும் வெள்ளை மணிகள். காலையில் மைதானத்தில் "பெம்பாப் பொண்ணுங்கள எல்லாம் இன்னிக்கு ஓட்டிட்டுப் போறோம்" என்று கத்தியதே இவருடைய ந்கோனிக் கூட்டம்தான், அதனால் சிரிப்பு அடங்கவே இல்லை. என் பங்குக்கு உன் எலிக் கருவாடு ஒன்றை மணிகளின் மேல் படுக்கவைத்து, மூடித் திருப்பிக் கொடுத்தேன். ந்சிமா நல்ல நடிகர். முகம் மாறாமல் நன்றி சொல்லி எழுந்து போனார். எலியைப் பார்த்து என்ன செய்தாய்? உடனே எழுது.

உன் மணப்பெண் (!),
மெலானியா


லுவான்ஷ்யா
7 அக்டோபர் 1985

ஜெரேவுக்கு,

பதில் இல்லை. காய்ச்சலா? மாடு முட்டிவிட்டதா? போன கடிதம் வழியில் தொலைந்ததோ என்று பேருந்து நிலையத்தில் கேட்டேன், தொலையவில்லை என்கிறார்கள். எலிக்கா கோபம்? இதைவிட மோசமானதையெல்லாம் நீ எனக்குச் செய்திருக்கிறாய். என் வீட்டுக்காரரின் சாவில் கேலிமுறை உரிமையோடு சவப்பெட்டியின் மேலேயே ஏறி உட்கார்ந்து, கூலி தந்தால்தான் இறங்குவேன் என்று அடம்பிடித்தவன் நீ. அழுதுகொண்டிருந்த என்னைச் சிரிக்கவைத்ததும் நீதான்.

நடுவில் இரண்டு ஆட்டம் சமன். போகிற போக்கைப் பார்த்தால், கடைசி ஆட்டத்தை வென்றால்தான் முதல் பிரிவில் இருப்போம். சோம்பா எப்படி ஆடுகிறான் என்று கேட்கக்கூட உனக்குத் தோன்றவில்லையா? ந்சிமாவும் மைதானத்துக்கு வருவதில்லை. ஏன் என்று விளங்கவில்லை. களி இறங்கவில்லை.

மெலானியா


லுவான்ஷ்யா
24 நவம்பர் 1985, ஞாயிறு மதியம்

பா ஜெரே அவர்களுக்கு,

மைதானத்துக்குத்தான் கிளம்பினேன். அதன் வாசல்வரை போய்விட்டேன். ந்சிமாவின் வீடு மைதானச் சுவருக்குப் பின்னாலேயே இருப்பது உங்களுக்குத் தெரியும். அவர் வெளியே உட்கார்ந்து செருப்புத் தைத்துக்கொண்டிருந்தார். டிரில்லர்ஸின் கடைசி ஆட்டத்தன்று ந்சிமா செருப்புத் தைக்கிறார். என்னால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

என்ன கோபம் என்று கேட்டேன். கோபமில்லை என்றார். அன்று நான் தட்டைத் திருப்பியபோது அவர் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டேன். தைப்பதை நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"தூது போறவன் வாயத் தொறந்து கெஞ்சக் கூடாதும்மா. குடுத்து அனுப்புனத வைக்கணும், திருப்பிக் குடுத்தத எடுத்துட்டுப் போகணும். நீங்க தட்டத் திருப்பிட்டீங்க. நான் போய் அவன்கிட்ட வச்சேன். அவன் எலியத் தூக்கிப் பாத்தான், சிரிக்காம திரும்பத் தட்டுலயே வச்சு மூடிட்டான். மறுநாள் கடலைக் காட்டுக்குப் போயிட்டான்."

தட்டு திரும்பினால் பெண் தர மறுத்ததாக அர்த்தம். இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? சோம்பாவுக்கு என்ன என்று கண்டுபிடிக்க ஆட்டத்துக்கே முதுகைக் காட்டி நின்றவள், உங்கள் கடிதத்தை ஒருமுறைகூட ஆளில்லாத இடத்தில் உட்கார்ந்து படிக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

ந்சிமாவின் முற்றத்தில் அமர்ந்து இதை எழுதுகிறேன். ஆட்டம் முடியும் முன்பே பேருந்து கிளம்பிவிடும். அதன் ஓட்டுநரிடம் கொடுக்க அவர் கோட்டை மாட்டிக்கொண்டு நிற்கிறார். அதனால் சுற்றி வளைக்க நேரமில்லை. எனக்கு உங்களைப் பிடிக்கும், பா ஜெரே. நீங்கள் போன பிறகு என் பக்கத்துப் படியில் யாரையும் நிற்க விட்டதில்லை. வாராவாரம் தபாலைப் பார்த்தது டிரில்லர்ஸுக்காக இல்லை. உங்கள் மனம் ஆறிப்போயிருந்தால், அந்த மணிகளை வேறு எங்காவது கொடுத்துவிட்டிருந்தால், அதையும் நேராக எழுதுங்கள், தாங்கிக்கொள்வேன். இல்லையென்றால் தட்டை மறுபடி அனுப்புங்கள். ஆட்டம் இல்லாத நாளாகப் பாருங்கள். அண்ணனிடம் இன்றே பேசுகிறேன். எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கமாட்டார்கள்.

இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய கூச்சல். யாரோ கோல் போட்டுவிட்டார்கள். நம்மவர்களா அவர்களா, இங்கிருந்து தெரியவில்லை. ந்சிமா எட்டிப் பார்த்து வருகிறேன் என்கிறார். வேண்டாம், பேருந்து போய்விடும், முதலில் கடிதம் என்று சொல்லிவிட்டேன்.

உங்கள்,
மெலானியா கலாபா